கற்றுக்கொள்ளும் காலத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும். அரியர் இருக்கக் கூடாது. பெரிய ஐடி நிறுவனம் கேம்பஸுக்கு வருகிறது என்றால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ப்ளேஸ்மென்ட் ஆபீசர் முதலில் சொல்வது இதைத்தான். படித்தது மெக்கானிக்கலா, சிவிலா, ஈசிஈயா என்று யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஆப்டிட்யூட் தேர்வு, ஒரு டெக்னிக்கல் ரவுண்டு, ஒரு ஹெச்ஆர் ரவுண்டு. தேறினால் வருடத்துக்கு மூன்றேகால், மூன்றரை லட்சம். புரோகிராமிங் அரைகுறையாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. மைசூரிலோ திருவனந்தபுரத்திலோ சில மாதம் உட்கார வைத்து அவர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்கு வந்த பாதைகளில் இது முக்கியமானது. இப்போது அது குறுகிவிட்டது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஏஐயைக் கை காட்டுகிறார்கள். பதில் முழுக்கத் தப்பில்லை, முழுக்கச் சரியுமில்லை. ஏஐ எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு வேலையிலும், புதிதாக வந்தவர் செய்துகொண்டே தொழில் கற்கும் எளிய பகுதி இருக்கிறதே, அதைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. மீதியெல்லாம் இதன் விளைவு.

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடலாம். டிசிஎஸ் 2021-22 நிதியாண்டில் ஒரு லட்சம் ஃப்ரெஷர்களை எடுத்தது. அடுத்த ஆண்டு 44,000. அதற்கும் அடுத்த ஆண்டான 2023-24இல் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையே 13,249 குறைந்தது. 2004இல் பங்குச்சந்தைக்கு வந்த பிறகு ஒரு முழு ஆண்டில் ஆள் குறைந்தது அதுதான் முதல்முறை. அதே ஆண்டில் இன்ஃபோசிஸில் 25,994 பேர் குறைந்தார்கள். சாட்ஜிபிடி வெளியானதோ 2022 நவம்பர் 30 அன்று. ஒரு அமெரிக்க வங்கி புது மென்பொருள் ஒன்றை உள்ளே விடுவதற்கு முன் சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். அவ்வளவு வேகமாக ஏஐ இந்த எண்களைக் குறைத்திருக்க முடியாது.

நடந்தது வேறு. கொரோனா காலத்தில் உலகமே டிஜிட்டலுக்கு ஓடியபோது இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஆள் எடுத்தார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கியதும் வாடிக்கையாளர்கள் கையை இறுக்கினார்கள். ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, சேரும் தேதி வராதா என்று வருடக்கணக்கில் மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் மாட்டியவர்கள். அவர்களுக்கு விழுந்த அடி ஏஐ கொடுத்ததல்ல.

சரி, அப்படியானால் ஏஐக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் ஐடி சேவை நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ப்ராஜெக்டில் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு மேனேஜர், மென்பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஒருவர். நடுவில் நாலைந்து அனுபவசாலிகள். மீதி எல்லோரும் இரண்டு மூன்று வருட அனுபவக்காரர்களும் ஃப்ரெஷர்களும்தான். ஒவ்வொரு தலைக்கும் மணிக்கு இவ்வளவு டாலர் என்று வாடிக்கையாளருக்கு பில் போகும். பயிற்சி முடித்து வந்த ஃப்ரெஷர் பெயரிலும் போகும். அந்த பில்லுக்கும் அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி நிறுவனத்தின் லாபம். அடியில் ஆள் அதிகம் இருந்தால் லாபமும் அதிகம். லட்சக்கணக்கில் ஃப்ரெஷர் எடுத்தது இதற்காகத்தான். நம் பிள்ளைகள்மேல் இருந்த பிரியத்தால் அல்ல.

அந்த ஃப்ரெஷருக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? மேனுவல் டெஸ்டிங் என்றால், ஒரு லாகின் பக்கத்தில் பெயர் சரியாகவும் பாஸ்வேர்ட் தப்பாகவும் போட்டால் என்ன ஆகிறது, இரண்டும் காலியாக விட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து எக்செல்லில் பாஸ், ஃபெயில் என்று குறிப்பது. எல்-1 சப்போர்ட் என்றால் டிக்கெட் வரவர எடுத்து, பாஸ்வேர்டை மாற்றிக்கொடுத்து, ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் நின்றுபோனால் திரும்ப ஓடவிடுவது. அலுப்பான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஜாப் ஏன் நின்றது, எந்த ஃபைல் வரவில்லை, அதற்கு முன்னால் ஓட வேண்டியது எது என்று ராத்திரி ஷிஃப்டில் தேடித் தேடித்தான் ஒரு வங்கி தன் அன்றாடக் கணக்கை எப்படி முடிக்கிறது என்பது பிடிபடும். மூன்று வருடத்தில் அவர் அந்த சிஸ்டம் தெரிந்த ஆளாகிவிடுவார். எதாவது உடைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த மூன்று வருடப் படிப்புக்கு ஃபீஸ் கட்டியது யார்? கல்லூரி அல்ல, நிறுவனமும் முழுதாக அல்ல. நியூயார்க்கிலோ லண்டனிலோ உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர். சாதாரண வேலை நடக்க வேண்டும், அது மலிவாக நடக்க வேண்டும் என்பதற்காக அவர் கொடுத்த காசில், அவர் கணக்கில் எழுதாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது.

இப்போது டெஸ்ட் கேஸை ஏஐ எழுதித் தருகிறது. டிக்கெட்டைப் படித்து, பாதிக்குத் தானே பதில் சொல்லிவிடுகிறது. கோடு, அதாவது மென்பொருள் நிரல், எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2024 அக்டோபரில், கூகுளில் புதிதாக எழுதப்படும் கோடில் கால் பங்குக்கு மேல் ஏஐ எழுதி பொறியாளர்கள் சரிபார்த்தது என்று சுந்தர் பிச்சை சொன்னார். இதையெல்லாம் வாடிக்கையாளரும் படிக்கிறார் அல்லவா? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உட்காரும்போது, உங்களுக்கு மிச்சமாகிற நேரத்தில் எனக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார். எளிய வேலைக்கு மணிக்கணக்கில் பில் போட முடியாது என்றால், அந்த எளிய வேலைக்காக எடுக்கப்பட்ட அடிவரிசையும் தேவையில்லை.

இது ஊகம் மட்டுமல்ல என்று காட்டும் ஆய்வு ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யால்ஃப்சன் குழுவினர் ஏடிபி என்ற சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் தரவை வைத்து 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. ஏஐ அதிகம் நுழையக்கூடிய வேலைகளில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருந்தது. மென்பொருள் எழுதும் வேலையில் அந்த வயதினர் எண்ணிக்கை 2022 கடைசியில் இருந்த உச்சத்திலிருந்து கிட்டத்தட்ட 20 சதவீதம் கீழே. அதே வேலையில், அதே நிறுவனங்களில், வயதில் மூத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில இடங்களில் கூடியிருக்கிறார்கள்.

அவர்கள் சொல்லும் விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. கல்லூரியிலிருந்து வருகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் புத்தகத்தில் உள்ள அறிவு. ஏஐயைப் பழக்கியதும் அதே புத்தகங்களையும் இணையத்தையும் வைத்துத்தான். எங்கும் எழுதி வைக்கப்படாத அறிவு, அதாவது இந்த வாடிக்கையாளர் மாதக் கடைசியில் ஏன் கத்துவார், இந்தப் பழைய ப்ரோகிராமைத் தொட்டால் வேறு எது உடையும் என்பதெல்லாம் அனுபவசாலியின் தலைக்குள் இருக்கிறது. அது இன்னும் இயந்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் லேப் 2025 அக்டோபரில் அமெரிக்க வேலைச் சந்தை முழுவதையும் அலசிவிட்டு, குறிப்பிட்டுச் சொல்லும்படியான குலுக்கல் எதுவும் இல்லை என்றது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இருபத்திரண்டு வயதுக்காரர்கள் மொத்த உழைப்பாளர்களில் ஒரு சின்னப் பகுதி. அவர்களுக்கு மட்டும் அடி விழுந்தால் மொத்தக் கணக்கில் அது தெரியாது. வேலையில் இருப்பவரை வெளியே அனுப்பினால் செய்தியாகும்; இந்த வருடம் ஆள் எடுக்காமல் விட்டால் யார் எழுதுவார்கள்?

இந்தியாவுக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அனுப்பப்போவதாக அறிவித்தது. அதில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ஃப்ரெஷர்கள் அல்ல; நடு மட்டத்திலும் அதற்கு மேலும் இருந்தவர்கள். தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன், இது ஏஐயால் அல்ல, திறன் பொருந்தாததால் என்றார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றாலும் கணக்கு இடிக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜூனியருக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். அவரை எடுக்காமல் விட்டால் பெரிய மிச்சம். இங்கே ஃப்ரெஷர் மாதம் முப்பதாயிரத்துக்கும் கீழே கிடைக்கிறார். பதினைந்து வருடம் ஆனவர், பத்துப் பேரை மேய்ப்பது மட்டுமே வேலையாக இருந்தால், அந்தப் பத்துப் பேர் நாலு பேராகும்போது அவர்தான் முதலில் கண்ணில் படுவார். ஆக, இங்கே ஃப்ரெஷர் கதவு அடியோடு மூடாது என்று நினைக்கிறேன். ஆனால் லட்சம் பேர் நுழைந்த அகலத்துக்கு அது மறுபடி திறக்கப்போவதும் இல்லை.

நல்ல டிகிரி இருந்தும் வேலையில்லை என்பது ஏஐயோடு பிறந்த பிரச்சினையும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு இந்திய ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்த 2024ஆம் ஆண்டு இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4. டிஎன்பிஎஸ்சி 2024இல் 6,244 இடங்களை அறிவித்து குரூப் 4 தேர்வு நடத்தியபோது சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற அந்தத் தேர்வுக்கு பி.இ. முடித்தவர்களும் வரிசையில் நிற்பது நமக்குப் பழகிப்போன காட்சி.

ஐடியை விட்டு வெளியே வந்து ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மெடிக்கல் கோடிங். சென்னை, திருச்சி பக்கம் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோடெக், நர்சிங், பிசியோதெரபி முடித்த பெண்கள் ஏராளமாக இந்த வேலைக்குப் போகிறார்கள். அமெரிக்க மருத்துவமனையில் ஒருவர் கீழே விழுந்து, இடது முன்கையின் ரேடியஸ் எலும்பை மணிக்கட்டுப் பக்கம் உடைத்துக்கொண்டு வந்தால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து அதை எஸ்52.502ஏ என்ற குறியீடாக மாற்ற வேண்டும். ஏ என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள அந்த 2 இடது கையைக் குறிக்கிறது; வலது கை என்றால் 1. கடைசியில் உள்ள ஏ, எலும்புமுறிவுக்கு இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது என்று சொல்லும்; ஆறிவரும் கட்டத்தில் பார்த்தால் டி. ஒரு எழுத்து மாறினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-10 முறைக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 70,000 பக்கம் போயின. சென்னையில் இந்தத் தொழில் பெருத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

புதிதாகச் சேர்கிறவருக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் போன்ற சின்னச் சின்ன சார்ட்டுகளைத்தான் முதலில் கொடுப்பார்கள். நாலு வரி, ஒரு கண்டுபிடிப்பு, ஒரு குறியீடு. நாள் முழுக்க அதையே செய்வார். தரம் பார்க்கும் க்யூஏ ஒருவர் சரிபார்த்து, 95 சதவீதத் துல்லியத்துக்குக் கீழே போனால் உட்கார வைத்து ஏன் தப்பு என்று காட்டுவார். ஆயிரக்கணக்கில் இப்படிப் பார்த்த பிறகு, அறுவை சிகிச்சைக் குறிப்புகள் கைக்கு வரும். மெடிக்கல் கோடிங்குக்கான சிபிசி சான்றிதழைத் தேர்வு எழுதி வாங்கினால் சம்பளம் உயரும். அப்புறம், மற்றவர்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர்.

நாலு வரி ரிப்போர்ட்டைப் படித்துக் குறியீடு போடுவது இன்றைய ஏஐக்குச் சுலபமான வேலை. மனிதர் தொடாமலே பில்லுக்குப் போகும் சார்ட்டுகள் முதலில் வந்தது இந்த மாதிரிப் பிரிவுகளில்தான். இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தவை மட்டும் ஆளிடம் வருகின்றன. சந்தேகம் வருவது எதில்? டாக்டர் ஓரிடத்தில் இடது என்றும் இன்னோரிடத்தில் வலது என்றும் எழுதியிருப்பார். நோயாளிக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கும், இப்போதைய சிறுநீரகக் கோளாறு அதனால் வந்ததா என்பது தெளிவாக இருக்காது. ஆறு வருட அனுபவம் உள்ளவரே யோசிக்கும் கேஸ்கள் இவை. அதாவது நிறுவனத்துக்கு இப்போது வேண்டியது ஆடிட்டர்கள். முதலில் குறியீடு போடுகிற கோடராக இல்லாமல் ஒருவர் ஆடிட்டர் ஆவது எப்படி? இன்று இருக்கும் ஆடிட்டர்கள் இருக்கும்வரை இந்தக் கேள்வியை யாரும் அவசரமாகக் கேட்கப்போவதில்லை.

இதே கதைதான் வாடிக்கையாளர் சேவை, மொழிபெயர்ப்பு, கன்டென்ட் எழுதுவது எல்லாவற்றிலும். கொஞ்சம் அவசரப்பட்டுத் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த தவணைக் கட்டண நிறுவனமான க்ளார்னா, 700 பேரின் வேலையைத் தன் ஏஐ உதவியாளர் பார்ப்பதாக 2024 பிப்ரவரியில் பெருமை பேசியது. அடுத்த ஆண்டே தரம் குறைந்துவிட்டது என்று சொல்லி மறுபடி மனிதர்களைத் தேடியது. அப்படித் தேடும்போதும் வேலை தெரிந்தவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரிப் பக்கம் என்ன நடக்கிறது? பாடத்திட்டத்தில் ஏஐ வந்துவிட்டது. ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் என்ற பிரிவு இல்லாத பொறியியல் கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்து இதில் கூட்டினார்கள். பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு உள்ளே ஆசிரியர்கள் மாறினார்களா என்பது வேறு விஷயம். கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கும் வழக்கம் ஊரறிந்தது. இப்போது அந்தக் காசும் மிச்சம். சாட்ஜிபிடியே ரிப்போர்ட் வரை எழுதிவிடுகிறது. இதில் ஏமாந்துபோவது ஆள் எடுக்க வரும் நிறுவனம் அல்ல, மாணவர்தான். ஆன்லைன் தேர்வில் ஏஐயை வைத்து விடை எழுதுவது பெருகியதால், நிறுவனங்கள் நேரில் உட்கார வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டன. ஒரு சுற்றாவது நேருக்கு நேர் நடத்தப்போவதாக கூகுளே 2025இல் சொல்லிவிட்டது. ‘இந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்’ என்று கேட்டால் அங்கேதான் பலரும் நிற்கிறார்கள்.

பிழைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டிசிஎஸ் தேர்வில் நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று மூன்று தட்டு உண்டு. கீழ்த்தட்டில் பல வருடமாக அதே மூன்றே சொச்சம் லட்சம். நடுவில் சுமார் ஏழு. மேலே ஒன்பதுக்கும் மேல். முதல் நாளே இரண்டு வருட அனுபவக்காரர்போல வேலை செய்யத் தெரிந்தவருக்கு மேல்தட்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் ஜிசிசி மையங்கள் இன்னொரு வழி. ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கணக்கில் இந்தியாவில் 2024இல் 1,700க்கும் மேல், சுமார் 19 லட்சம் ஊழியர்கள். சென்னைக்கும் கோவைக்கும் அவை வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அங்கேயும் அனுபவம் உள்ளவருக்குத்தான் முன்னுரிமை. ஐடி சேவை நிறுவனம் பழக்கிய ஆளை அதிகச் சம்பளம் கொடுத்து இழுப்பது அவர்களுக்கு வசதி.

முதல் நாளே வேலை தெரிந்திருக்க வேண்டும் என்றால், அதற்கு முன்பு எங்கேயாவது, யாருடைய செலவிலாவது கற்றிருக்க வேண்டும். சென்னையில் வீடு, நல்ல லேப்டாப், அப்பாவின் நண்பர் கம்பெனியில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் ஆறு மாதம் என்று இருப்பவருக்கு அது சாத்தியம். அரியலூரிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் படித்துவிட்டு, கல்விக் கடன் தவணைக்காக உடனே சம்பளம் வேண்டும் என்று நிற்கிறவருக்கு? தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்விக்குப் போகிறார்கள் என்று 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் கேம்பஸில் எந்தப் பிரிவானாலும் மொத்தமாக எடுத்த அந்தப் பழைய முறை, இந்த 47க்குள் இருந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டிருந்தது. இனி மறையாது.

வாடிக்கையாளர் கட்டிய ஃபீஸ் நின்றுவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது கட்ட வேண்டும். அரசு ஓரளவு கட்டத் தொடங்கியிருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பட்டதாரிப் பயிற்சியாளருக்கான குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. தென் மாநிலங்களுக்கு அதை நடத்தும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இதைத் தெரியாமலே டிகிரி முடிப்பவர்கள் ஏராளம். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள விக்சித் பாரத் ரோஸ்கார் யோஜனாவில், முதல்முறை வேலைக்குச் சேர்பவருக்கு இரண்டு தவணையில் 15,000 ரூபாய் வரை. புதிதாக ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு ஒரு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. மொத்த ஒதுக்கீடு 99,446 கோடி.

பணம் சின்னதல்ல. ஆனால் நிறுவனத்துக்கு அந்த 3,000 கிடைப்பது சம்பளம், வருங்கால வைப்புநிதி, எத்தனை மாதம் ஆள் இருந்தார் என்ற கணக்கை வைத்து. சேர்ந்தவரை டேட்டா என்ட்ரியில் உட்கார வைத்தாலும் அதே தொகைதான், ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார வைத்துக் கடினமான கேஸ்களைப் பழக்கினாலும் அதே தொகைதான். எது மலிவோ அதை நிறுவனம் செய்யும். புதியவருக்குக் கற்றுக்கொடுக்க சீனியரின் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டது என்று ஒரு கேள்வியை அந்தத் தொகைக்கான படிவத்தில் சேர்த்து, பதிலுக்கு ஏற்ப தொகையைக் கூட்டிக் குறைத்தால், அடுத்த ஆடிட்டரும் அடுத்த ஆர்க்கிடெக்டும் உருவாக ஒரு வழி இருக்கும். இப்போதைக்கு அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.